முப்பத்திரண்டாவது கறுப்பு

சபை எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பேக்கரிக்காரர், அது தன் மண்டைக்குள் பல வருஷமாகக் கொதித்துக்கொண்டிருந்த யோசனை என்பார். தச்சர், தன் பட்டறையில் டீ குடித்தபோது பேசினதுதான் ஆரம்பம் என்று சத்தியம் பண்ணுவார். தையல்காரியைக் கேட்டால் ஒரே மூச்சில் முடித்துவிடுவாள்.

"சாயக்காரர் கால்ல கொதிதண்ணி கொட்டுச்சு. அதுதான் ஆரம்பம். அன்னைக்கு மனுஷன் செருப்புக்குப் பதிலா பூட்ஸ் போட்டிருந்தா சபையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது."

அவள் சொல்வதுதான் உண்மை. சாயக்காரர் காலில் கட்டோடு கட்டிலில் கிடந்தார். பட்டறையில் ஒரு ஓட்டலின் ஜன்னல் திரைகள் அத்தனையும் ஊறிக்கொண்டிருந்தன. நாலு நாளில் நீல நிறத்தில் தர வேண்டும். "என் பொழப்பு போச்சு, என் பேரு போச்சு" என்று அவர் புலம்பியதைத் தையல்காரியின் வீட்டுக்காரர் கட்டில் பக்கத்தில் நின்று கேட்டார். லேத்துப் பட்டறை வைத்திருக்கிற மனுஷன். வாயைத் திறந்தால் ஏதோ கொட்டிவிடும் என்கிற மாதிரி பேசுகிறவர். நேரே வெளியே போனார். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு சாயத் தொட்டியில் கழியை விட்டுக் கிண்ட ஆரம்பித்துவிட்டார். லேத்துக்காரர் கிண்டுகிறார் என்று கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்க வந்த பேக்கரிக்காரரும் தச்சரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேர்ந்துகொண்டார்கள்.

நாலு நாள் முறை போட்டுக் கிண்டினார்கள். பொடி அளவு யாருக்குத் தெரியும்? நீலம் வரவேண்டிய துணி கத்தரிக்காய் நிறத்தில் வந்தது. ஓட்டல்காரர் திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார், "இதுவும் ஒரு மாதிரி நல்லாத்தான் இருக்கு" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாயக்காரர் கட்டிலில் கிடந்தபடி வயிறு வலிக்கச் சிரித்தார்.

"முப்பது வருஷமா சாயம் போடறேன். இப்படி ஒரு கலரை நான் பாத்ததே இல்ல. திரும்பப் போடுன்னா என்னாலயே முடியாது."

துணி நிறைய மிஞ்சியது. அதில் தையல்காரி முதலில் நாலு பட்டி தைத்தாள், தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே போடுகிற மாதிரி. விளையாட்டுக்குத்தான் தைத்தாள். நாலு பேரும் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்ததும் விளையாட்டு வினையாகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையே பேக்கரி மாடியில் கூடி 'தோள் சபை' என்று பேர் வைத்துவிட்டார்கள். சட்டம் ஒன்றே ஒன்று: சகோதரன் படுத்தால் அவன் கடை சாத்தக் கூடாது. மற்றவர்கள் முறை போட்டு நடத்த வேண்டும்.

இதென்ன கூத்து என்று தெரு சிரித்தது. சிரித்தவர்கள் ஒவ்வொருவராகப் படியேறி வந்தார்கள். சலூன்காரருக்குக் கை முறிந்தபோது தச்சர் கத்தரிக்கோல் பிடித்தார். வெளியாள் எவனும் தலையை நீட்டவில்லை, அதனால் சபைக்காரர்களே முறை போட்டு உட்கார்ந்தார்கள். ஒரு மாசம் அத்தனை பேர் தலையும் எலி கரண்டின மாதிரி இருந்தது. தெருவில் எதிரெதிரே வந்தால் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்கள். பேக்கரிக்காரர் காய்ச்சலில் விழுந்தபோது லேத்துக்காரர் பன் போட்டார். அந்தப் பன்னைத் தின்ன முயன்று ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்த கிழவர் ஒருவர், பல் போனாலும் பரவாயில்லை என்று மறுவாரமே சபையில் சேர்ந்தார். இரண்டு வருஷத்தில் முப்பத்தொரு பேர் ஆனார்கள். மாடி போதாமல் நடுச்சுவரை இடித்துப் பெரிதாக்கினார்கள். கீழே அடுப்பு எரிவதால் மழைக் காலத்தில் தரை கதகதவென்று இருக்கும். வெயில் காலத்தில் கூட்டம் பத்து நிமிஷத்துக்கு மேல் தாங்காது. அதனாலேயே சண்டை வராது என்பார் பேக்கரிக்காரர்.

தலைவர் யார் என்று வந்தபோது எல்லோரும் லேத்துக்காரரைக் காட்டினார்கள். பேசாத ஆளைத் தலைவராகப் போட்டால்தான் மற்றவர்கள் பேச முடியும்.

பெண்களுக்கு மாடியில் இடமில்லை. ஆனால் ஒவ்வொரு புது ஆளுக்கும் அந்த மிஞ்சின துணியில் பட்டி தைக்கிறவள் தையல்காரிதான். ஆளுக்கு ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு என்று துணி பட்டன் செய்கிறவளும் அவள்தான். புதிதாக ஒருவரைச் சேர்க்க வேண்டும் என்றால் ஓட்டு. சம்மதம் என்றால் தச்சர் செய்த பெட்டியில் வெள்ளை பட்டன், இல்லை என்றால் கறுப்பு. போடாத பட்டனை வேறு ஒரு டப்பாவில் போட்டுவிட வேண்டும். ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் ஒரு வருஷத்துக்குக் கதவு அடைப்பு. யார் போட்டது என்று தேடக் கூடாது, கேட்கக் கூடாது. தான் எதைப் போட்டோம் என்று கட்டின பொண்டாட்டியிடம்கூடச் சொல்லக் கூடாது. அதற்குத் தோளில் கை வைத்துச் சத்தியம்.

கூட்டம் நடக்கிற ஞாயிறுகளில் அவள் கீழே பேக்கரிக் கல்லாவில் உட்கார்ந்து கடையைப் பார்த்துக்கொள்வாள். மேலே முப்பத்தொரு ஜோடி கால் எழுந்து நிற்கிற சத்தம் கேட்டால் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். அத்தனை தோளிலும் தன் தையல் என்று நினைத்துக்கொள்வாள். பெருமை என்றால் சாதாரணப் பெருமை இல்லை.

அந்தப் பெருமைக்குள் ஒரு முள் இருந்தது. அவள் தம்பி.

தம்பி வெல்டர். ஒரு காலத்தில் மாமாவின் லேத்துப் பட்டறையிலேயே பாதி இடத்தில் வேலை செய்தவன். ஒரு வீட்டுக்கு இரும்புப் படிக்கட்டு போட்டுக் கொடுத்தார்கள், ஒரு படி கழன்று ஆள் விழுந்தார். அடி பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வீட்டின் சொந்தக்காரர் முன்னால், கூடி நின்ற ஜனத்தின் முன்னால், லேத்துக்காரர், "இவன் வேலை இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டார். மாசத்துக்குப் பத்து வார்த்தை பேசுகிற மனுஷன், அதில் ஒரு வரியை இப்படியா செலவழிக்க வேண்டும்? தம்பி அன்றே வெல்டிங் செட்டைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். இரண்டு தெரு தள்ளித் தனிக்கடை போட்டான். மூன்று வருஷம், மாமாவும் மச்சானும் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் முழிக்கவில்லை. அவள் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி வாங்கினாள்.

இப்போது தம்பிக்குக் கண்ணில் கோளாறு. வியாழக்கிழமை ஆபரேஷன். ஆறு வாரம் நெருப்புப் பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆறு வாரம் ஷட்டர் இறங்கினால் வாடிக்கை எல்லாம் அடுத்த கடைக்குப் போய்விடும், போனது திரும்பாது. பெண்டாட்டி பிள்ளை இன்னும் வாய்க்காதவன். கடைதான் அவனுக்குக் குடும்பம்.

"நான் பேர் குடுக்கறேன் தங்கச்சி," என்றார் சாயக்காரர். அப்போது அவர் முழங்கை வரை கறுப்பாக இருந்தார். கோட்டுத் துணி கறுப்பு போடும் பெரிய ஆர்டர், ஒரு வாரமாக அதே வேலை. "உன் தம்பி சபையில சேரட்டும். வியாழக்கிழமைலேருந்து அவன் கடை நம்ம கடை."

"அவன் ஒத்துக்கணுமே அண்ணே."

"ஒத்துக்கிட்டான். நேத்து ரெண்டு மணி நேரம் அவன் தலையைத் தின்னேன். கடைசில, 'சரி, ஆனா மாமா தலைவர், அவர் கறுப்பு போடுவாரு, நீங்க வேணா பாருங்க'ன்னான்."

"போட மாட்டாரு," என்றாள் அவள். 

அன்று சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்காரரிடம் மெல்ல ஆரம்பித்தாள்.

"சாயக்கார அண்ணன் ஒரு பேர் குடுத்திருக்காராமே."

"ம்."

"யாருன்னு தெரியும்ல?"

"ம்."

"இதுக்கு ம்முன்னா என்ன அர்த்தம்? ஆமாவா, இல்லையா?"

"சோத்தப் போடு."

"கண்ணுங்க அது. பகையாளிக்குக்கூட அந்தக் கஷ்டம் வரக் கூடாது. அவன் எனக்குத் தம்பி மட்டுமா? பத்து வயசுல அம்மா போனப்புறம் நான்தான் அவனைத் தலை சீவிவிட்டு வளத்தேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா எனக்கு நிம்மதியா தூக்கம் வரும்."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஓட்டைப் பத்திப் பேசக் கூடாது. சத்தியம் பண்ணிருக்கேன்," என்றார். கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஞாயிறு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. தம்பி வெளுத்த சட்டை போட்டு, எண்ணெய் வைத்துப் படிய வாரி, பேக்கரிப் படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்றான். ஓட்டு முடிந்து மேலே கூப்பிட்டால் ஏற வேண்டும். அவள் புதுப் பட்டியை மடித்துக் கல்லா மேல் வைத்திருந்தாள். முந்தின நாளே தைத்துவிட்டாள், அவ்வளவு அவசரம்.

"காலரைச் சரி பண்ணு," என்றாள்.

"மூணு தரம் சொல்லிட்டக்கா."

மேலே பேக்கரிக்காரர் பேச ஆரம்பித்துவிட்டார். அவர் பேச்சு அவர் மாவு மாதிரி, விட்டால் பொங்கிக்கொண்டே போகும். சகோதரத்துவம் என்றார், நெருப்பு என்றார், ரொட்டி என்றார், மறுபடி சகோதரத்துவத்துக்கு வந்தார். அரை மணி நேரம் ஆயிற்று. முப்பத்தொரு பேரும் கையில் பட்டனை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதன் பிறகு ஒவ்வொருவராகப் பெட்டியிடம் நடக்கிற சத்தம். அவள் காலடியை எண்ணினாள்.  முப்பத்தொன்று ஆனதும் பெட்டியைத் திறக்கிற சத்தம்.

தச்சர் இறங்கி வந்தார். தம்பியைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். "ஒண்ணு விழுந்துடுச்சும்மா," என்றார்.

 தம்பி மழையில் இறங்கி நடந்தான். வாரின தலை நனைந்து முகத்தில் வழிந்தது, துடைக்கக்கூட இல்லை.

சபை வழக்கப்படி இரண்டு டப்பாவையும் மூடிக் கீழே கொடுத்தார்கள். வெள்ளையும் கறுப்புமாகப் பிரித்து அடுத்த ஓட்டுக்குத் தயார் பண்ணுவது அவள் வேலை. அதைக் கூடையில் தூக்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வந்ததும் வெடித்தாள்.

"நெஞ்சுல ஈரம்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கு? மூணு வருஷம் வாய மூடிக்கிட்டு இருந்தது இதுக்குத்தானா? முப்பது பேரு வெள்ளை போட்டான். அந்நியன் போட்டான். பல்லு விழுந்த தாத்தா போட்டாரு. உங்களுக்கு மட்டும் கை வரல."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"இல்லன்னு சொல்லுங்க. நான் போடலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நம்பறேன்."

அவர் அவளையே பார்த்தார்.  பிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார். அவள் அன்று அடுப்பு பற்றவைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

விடிந்ததும் அவர் பட்டறைக்குப் போய்விட்டார். அவள் தம்பி வீட்டுக்கே போய்விடலாம் என்ற முடிவோடு துணிகளை எடுத்துவைத்தாள். கூடையைத் தூக்கியபோது டப்பாக்கள் குலுங்கின. எடுத்த வேலையைப் பாதியில் விடுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. 'இதைப் பிரிச்சு வச்சுட்டுப் போவோம், நாளைக்கு ஒரு பேச்சுக்கு இடம் வேண்டாம்' என்று ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மழை விட்டுப் பளிச்சென்று வெயில் அடித்தது.

ஓட்டுப் பெட்டியில் விழுந்தவற்றைக் கொட்டினாள். வெள்ளைகளுக்கு நடுவே அந்த ஒரு கறுப்பு. பாவி என்று திட்டிக்கொண்டே விரலால் எடுத்தாள்.

விரல் நின்றது.

கறுப்பு பட்டன்களை அவள் கோட்டு உள்துணியில்தான் செய்வாள். நைலான், தொட்டால் வழுக்கும். வெள்ளை, சட்டை வெட்டினதில் மிஞ்சின பருத்தி. இது வழுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். பருத்தி. வெயிலில் திருப்பிப் பார்த்தாள். முகம் கறுப்பு, அதுவும் திட்டுத் திட்டாக. பின்னால் துணியை இழுத்து முடிச்சுப் போட்ட இடத்தில் ஒரு நெல்லளவு வெள்ளை.

போடாத பட்டன் டப்பாவைக் கவிழ்த்தாள். எல்லாம் கறுப்பு. எண்ணினாள். முப்பத்தொன்று. இன்னொரு தடவை எண்ணினாள். அவள் செய்ததே முப்பத்தொரு கறுப்புதான். அப்போ கையில் இருக்கிற முப்பத்திரண்டாவது கறுப்பு எங்கிருந்து வந்தது?

கதவைச் சாத்தினாளா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. தெருவில் ஓடினாள். சேற்றுத் தண்ணீர் முதுகு வரை அடித்தது. "என்னம்மா, வீட்டுல நெருப்பா?" என்று சலூன்காரர் எட்டிப் பார்த்தார். அவள் ஓடிக்கொண்டே இருந்தாள்.

சாயக்காரர் தொட்டியருகே சோகமாக உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும், "மூஞ்சில முழிக்கவே வெக்கமா இருக்கு தங்கச்சி. நான் பேர் குடுத்து இப்படி ஆச்சே," என்றார்.

"அண்ணே, கையக் காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்கன்றேன்ல."

அவர் நீட்டினார். உள்ளங்கை கறுப்பு, ரேகையெல்லாம் கறுப்பு. அவள் இடுப்பில் செருகிவந்த வெள்ளை பட்டன் ஒன்றை அதில் வைத்து விரல்களை மடக்கினாள்.

"நேத்து பேக்கரி அண்ணன் பேசினப்ப எப்படிப் பிடிச்சிருந்தீங்களோ அப்படிப் பிடிங்க."

"சோப்பு போட்டுத்தானே வந்தேன். நல்லாத் தேச்சேன். ஆனா அந்தாளு பேசப் பேச எனக்கு ஒரே பதட்டம், கையெல்லாம் வேர்த்து ஊத்துச்சு. வெள்ளையைத் தனியா இந்தக் கையில இறுக்கி…" சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். மெல்லக் கையைத் திறந்தார்.

பருத்தி சாயத்தைக் குடித்துவிட்டிருந்தது. எந்தத் துணி சாயம் குடிக்கும், எது குடிக்காது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற மனுஷன். தன் கையே ஒரு தொட்டி என்பது மட்டும் அவருக்குத் தெரியாமல் போயிற்று.

"நானா?" என்றார். "பேர் குடுத்தவனும் நானே, அடிச்சவனும் நானேவா?" பெரிய மனுஷன், கறுப்புக் கையால் தலையில் அடித்துக்கொண்டார். நெற்றியெல்லாம் அப்பிக்கொண்டது. சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை, இரண்டும் வந்தது.

"மத்தவங்க எல்லாரும்?" என்றார் திடீரென்று.

"எல்லாரும் வெள்ளை அண்ணே. முப்பத்தொரு கறுப்பும் அந்த டப்பாவுலயே…"

அங்கேதான் அவளுக்கு உறைத்தது. எல்லாரும் என்றால் எல்லாரும். அவள் சாயத் துணி மூட்டை மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் நம்புகிறேன் என்று கெஞ்சினாளே. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாமல் அந்த மனுஷன் பசி வயிற்றோடு மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே.

மத்தியானத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பறந்தது. சலூன்காரர் பாதி ஷேவிங்கில் இருந்த ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தார், அந்த ஆளும் சபைதான். கடைகளில் வீட்டுப் பெண்கள் உட்கார்ந்தார்கள். முப்பத்தொரு பேரும் பேக்கரி மாடியில் கூடினார்கள். சாயக்காரர் போய், தம்பியின் கையைப் பிடித்து இழுத்துவந்து படிக்கட்டில் நிறுத்திவிட்டு மேலே போனார். அவன் சட்டையில் கறுப்பாக ஐந்து விரல்.

"சாட்சி கீழ நிக்குது. உள்ள வரலாமா?" என்று தச்சர் கேட்டார்.

"பொம்பளை மாடிக்கு வரக் கூடாதுன்னு இருக்கே," என்று யாரோ இழுத்தார்கள்.

"தேடக் கூடாதுன்னும் இருக்கு," என்றார் இன்னொருவர்.

பேக்கரிக்காரர் எழுந்தார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சுருக்கமாகப் பேசினார். "அந்தம்மா கறுப்பைத் தேடல, வெள்ளையைத் தேடினாங்க. நம்ம தோள்ல கிடக்கறது அவங்க தையல். வேணாம்னு சொல்றவன் முதல்ல பட்டியைக் கழட்டி வைக்கட்டும்."

யாரும் கழற்றவில்லை. இரண்டு வருஷமாகக் கீழேயிருந்தே கேட்டுக்கொண்டிருந்த மாடிக்கு அவள் ஏறினாள். சுற்றிலும் கத்தரிக்காய் நிறம். எதிரே நாற்காலியில் வீட்டுக்காரர், மூஞ்சியில் ஒன்றும் காட்டாமல் உட்கார்ந்திருந்தார். பட்டனை மேஜை மேல் வைத்தாள். நைலான், பருத்தி, முடிச்சு, எண்ணிக்கை எல்லாம் சொன்னாள். சாயக்காரர் தன் கையையும், புதிதாகக் கறுத்த இன்னொரு பட்டனையும் தூக்கிக் காட்டினார். கூட்டம் ஹோவென்று சிரித்தது, பெஞ்சைத் தட்டியது. பல் விழுந்த கிழவர் எழுந்து நின்றே கை தட்டினார்.

சத்தம் அடங்கியதும் அவள் நேராக வீட்டுக்காரரைப் பார்த்தாள். ஊரே கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

"நேத்து உங்கள வாய்க்கு வந்தபடி பேசினேன். இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

"சத்தியம்," என்றார். தோளில் பட்டியை நீவிக்கொண்டே, "நீ என்னை அப்படி நெனச்சதுதான் கஷ்டமா இருந்துச்சு. பசிகூடப் பெருசா இல்ல," என்றார்.

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கவில்லை.

சட்டப்படி தலைவர் இப்போது எழுந்து, 'சகோதரரை உள்ளே அழையுங்கள்' என்று சொல்ல வேண்டும். அதற்குப் புது ஆள் சபை முறைப்படி கதவை இரண்டு தரம் தட்டி, நிறுத்தி, இன்னொரு தரம் தட்ட வேண்டும். அவர் எழுந்தார். ஆனால் ஒன்றும் சொல்லாமல் வரிசைக்கு நடுவே நடந்து வாசலுக்குப் போனார். தம்பி ஏற்கெனவே படியேறி நிலையருகே நின்றான். எல்லாம் அவன் காதில் விழுந்திருந்தது. இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் முழித்தார்கள். பேசத் தெரியாத மனுஷன், வாய் திறக்க மூன்று தரம் முயன்றார்.

"எந்தக் கண்ணுடா?" என்றார்.

"இடது, மாமா."

"வா இப்படி," என்று அவன் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, இமையைக் கட்டைவிரலால் மெல்ல விலக்கிப் பார்த்தார். முப்பது பேரும் எழுந்து நின்றபடி காத்திருந்தார்கள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.